கேட்டு நடந்த வழி

2013, ஏப்ரல் 9

அனுப்புபவர்: க்வாக் பில்சூன்
பெறுபவர்: பான் இன்சிக், இஞ்சியோன் நகரம்
பொருள்: தோட்டத்துப் பாதை அடைக்கப்பட்டது குறித்து

ஐயா,

தங்கள் காலஞ்சென்ற தந்தையார் பான் தல்சு அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததும், பின்னர் தங்களால் யோ என்பவருக்கு விற்கப்பட்டதுமான நிலத்தின் ஓரமாக, என் ஆப்பிள் தோட்டத்துக்கு ஏறும் சிமெண்டுப் பாதை உள்ளது. அதனை 1990ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் என் கணவர் தம் சொந்த உழைப்பில் அமைத்தார். அன்றுமுதல் நாங்கள் அதைத் தடையின்றிப் பயன்படுத்தி வருகிறோம். கடந்த மாதக் கடைசியில் மேற்படி யோ பொக்லைன் கொண்டுவந்து, பாதையின் நடுவே பாறைகளைப் போட்டு அடைத்துவிட்டார். மேற்கண்டவை உண்மை எனத் தாங்கள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இவ்வளவும் கோர்ட்டுக்கு எதிரே மனு எழுதும் கடைக்காரர் சொல்லச் சொல்ல எழுதியது. இனி எழுதுவது நான்.

தம்பி, நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தத் தபால். இதை மூன்று பிரதி எழுதவேண்டுமாம். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு, இன்னொன்றைத் தபால் ஆபீஸே முத்திரை குத்தி வைத்துக்கொள்ளும், நாளைக்கு நீ 'எனக்கு எதுவும் வரவில்லை' என்று கையை விரிக்கக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு திட்டையும் மூன்று முறை எழுதவேண்டியிருப்பதால் சுருக்கமாகத் திட்டுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன் நீ நிலத்தை விற்றதை ஊர்த்தலைவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து நிலத்துக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து நானும் உன்னோடு பேசவில்லை. பேசாமலே செத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன், பாறை வந்துவிட்டது.

மரங்கள் மொட்டு விட்டிருக்கின்றன. மருந்தடிக்கும் வண்டி கீழே நிற்கிறது, மரங்கள் மேலே நிற்கின்றன. கிம் குடும்பத்துக் கல்லறை மேட்டைச் சுற்றிக்கொண்டு ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு, உனக்கே தெரியும். அதில் நான் ஏறலாம், வண்டி ஏறாது. நீ அண்ணன் என்று கூப்பிடும் என் வீட்டுக்காரருக்குப் போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அவருடைய வைத்தியம் இந்த மரங்களிலிருந்துதான் வரவேண்டும். உண்மையை எழுதி அனுப்பு, போதும்.

பில்சூன்

*

2013, ஏப்ரல் 21

அண்ணிக்கு,

சிவப்பு முத்திரைத் தபாலைப் பார்த்ததும் என் மனைவி, "யார இடிச்சுட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். பஸ் ஓட்டுகிறவன் வீட்டுக்கு இப்படித் தபால் வந்தால் வேறு என்ன நினைப்பாள்? "அண்ணி எழுதியிருக்காங்க" என்றேன். "அண்ணியா? முத்திரை குத்தியா?" என்று அவள் கேட்டது எனக்குத் தபாலைவிட வலித்தது.

அண்ணனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். யாரும் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் நடந்துகொள்ளவில்லை.

விற்றபோது உங்களிடம் சொல்லவேண்டும் என்றுதான் ஊருக்கு வந்தேன். உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன். உள்ளே நீங்கள் இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பிவிட்டேன். மகனுக்கு வீடு பிடிக்க முன்பணம் தேவைப்பட்டது, வேறு வழியில்லை, அவ்வளவுதான் காரணம்.

யோ முதலாளியிடம் போனில் பேசினேன். மலைச்சரிவில் விருந்தினர் குடில்கள் கட்டப் போகிறாராம். "பான் அண்ணே, நீங்க சொல்றது ரோடு இல்ல. என் நிலத்து மேல யாரோ ஊத்தின சிமெண்டு. குடிலுக்கு வர்றவங்க பூவையும் மலையையும் பாக்க வருவாங்க, மருந்து வண்டிய பாக்க வர மாட்டாங்க" என்றார். நான் சத்தம் போட்டுப் பார்த்தேன். போனை வைத்துவிட்டார்.

நீங்கள் கேட்டபடி எழுதித் தருகிறேன். அந்தப் பாதையைப் போட்டது அண்ணன்தான். என் அப்பா நல்ல மனதோடு விட்ட வழி அது. உயிரோடு இருந்தவரை ஒருநாளும் உங்களைத் தடுத்ததில்லை. இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்.

இன்சிக்

*

2013, மே 7

தம்பி,

இது சாதாரணத் தபால். ஒரே பிரதி. பயப்படாமல் பிரி.

வியாழக்கிழமைகளில் தாலுகா ஆபீஸுக்கு இலவசமாக யோசனை சொல்ல ஒரு வக்கீலம்மா வருகிறாள். சின்னப் பெண், என் கடைசி மகள் வயது இருக்கும். உன் கடிதத்தைப் பெருமையாக அவளிடம் நீட்டினேன். பாதியில் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்திவிட்டாள். "நல்ல மனசோட விட்ட வழின்னு எழுதியிருக்காரே, இவர் நம்ம பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டாள்.

நம் பக்கம்தான் என்றேன். "அப்ப இத எழுதியிருக்கக் கூடாது" என்றாள். பிறகு எனக்குப் பொறுமையாகச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கும் புரியட்டும்.

"மூணு விஷயம் வேணும்மா. பாதைய நீங்களே போட்டிருக்கணும். எல்லார் கண்ணுக்கும் தெரியிற மாதிரி, விடாம இருபது வருஷம் பயன்படுத்தியிருக்கணும். இது ரெண்டும் உங்ககிட்ட இருக்கு. மூணாவது, உங்க உரிமைன்னு நெனச்சு நடந்திருக்கணும். அவங்க தயவுல நடந்திருக்கக் கூடாது."

"கேட்டுட்டு நடந்தா?"

"கேட்டுட்டு நடந்தா நூறு வருஷம் நடந்தாலும் தயவுதான்."

"கேக்காம நடந்தா?"

"இருபது வருஷத்துல உரிமை."

"அப்ப மரியாதை தெரியாதவனுக்குத்தான் வழியா?" என்று கேட்டேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏறக்குறைய" என்றாள்.

நாலு பக்கமும் அடைபட்ட நிலமாக இருந்தால் அதற்கு வேறொரு சட்டம் இருக்கிறதாம். ஆனால் கல்லறை மேட்டு ஒற்றையடிப் பாதை இருக்கிறதே. அதைக் காட்டி, 'கால் போக வழியிருக்கிறது, லாரிக்கு எதற்கு?' என்று கேட்பார்கள், அதை நம்பி இறங்க முடியாது என்கிறாள். அந்த மேட்டில் கிம் வீட்டு முன்னோர்களின் தலைமேல் நடப்பதுபோல ஏறவேண்டும். ஒரு மூட்டை உரத்தை ஏற்றிவிட்டு வந்தால் அரைநாள் மூச்சு வாங்குகிறது.

அவளையே வக்கீலாக வைத்து வழக்குப் போட்டாகிவிட்டது. இப்போது எனக்கு வேண்டியது ஒன்றுதான். உன் அப்பாவும் உன் அண்ணனும் இந்தப் பாதையை வைத்து எப்போதாவது சண்டை போட்டார்களா என்று யோசித்துப் பார். ஒரு சின்னச் சண்டை போதும். "யாரைக் கேட்டுடா போட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் போதும் என்கிறாள் வக்கீலம்மா.

உன் அண்ணனையே கேட்டுப் பார்த்தேன். "அவரக் கேட்டுட்டுத்தான் போட்டீங்களா?" தலையாட்டினார். "கேக்காமதான் போட்டீங்களா?" அதற்கும் தலையாட்டினார். "உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்றேன். கஞ்சிக் கிண்ணத்தைக் காட்டினார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கஞ்சியை ஊட்டினேன்.

பில்சூன்

*

2013, ஜூன் 3

அண்ணிக்கு,

பஸ் ஓட்டும்போதெல்லாம் இதே யோசனைதான். நேற்று இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி ஓட்டிவிட்டேன் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்தினார்கள்.

சண்டைகளை நினைத்துப் பார்த்தேன். சதுரங்கத்தில் நகர்த்திய காயைத் திருப்பி எடுத்தார் என்று அப்பா அண்ணனோடு ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தார். எங்கள் நாய் உங்கள் கோழியைப் பிடித்தபோது அண்ணன் வந்து கத்தினார். அப்பா நாயைக் கட்டிவைத்துவிட்டு, அந்தக் கோழியையே குழம்பு வைத்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கிணற்றுச் சண்டை ஒன்று உண்டு, அது கிம் வீட்டோடு. பாதைச் சண்டை ஒன்றுகூட நினைவில் இல்லை. இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்து நம்மைக் கெடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. 1990 இலையுதிர் காலத்தில் நான் ஊரிலேயே இல்லை. லிபியாப் பாலைவனத்தில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தேன். அடுத்த வருடம் வந்தபோது பாதை இருந்தது. யார் யாரைக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. 'நல்ல மனதோடு' என்று எழுதியது என் ஊகம்தான். அப்பாவை எனக்குத் தெரியும் என்பதால் எழுதினேன். தெரியாது என்று சொல்வது பொய் இல்லையே? உங்கள் வக்கீலம்மாவிடம் கேளுங்கள்.

யோவின் வக்கீல் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார். நான் அவர்கள் பக்கம் பேசுவேன் என்று நினைக்கிறார்கள் போல. நிலத்தை விற்றவன் வாங்கியவனுக்கு ஆதரவாகத்தானே பேசவேண்டும், இல்லாவிட்டால் 'வில்லங்கத்தை மறைத்து விற்றாய்' என்று என்மேலேயே திரும்புவார்கள். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

மருந்து அடித்தீர்களா? பூ உதிராமல் நின்றதா?

இன்சிக்

*

2013, ஜூலை 15

தம்பி,

பூ நின்றது. மருந்தை முதுகில் தூக்கும் டப்பாவில் நானும் கூலிக்கு வந்த வியட்நாம் பெண்ணும் ஏற்றி அடித்தோம். மேல் வரிசைகளுக்கு முடியவில்லை. இலைகளில் புள்ளி விழுந்திருக்கிறது. கீழ் வரிசைகளை நம்பி இருக்கிறேன்.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், சாட்சிக்கூண்டில் உனக்கு அதிர்ச்சியாகிவிடக் கூடாது.

பாதையைப் போட்டது நாங்கள்தான் என்று நிரூபிக்கவேண்டும் அல்லவா? யோவின் வக்கீல், 'அது ஊராட்சி போட்ட பாதை' என்று எழுதிவிட்டார். எனக்கு ஆத்திரம். வக்கீலம்மாவிடம் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். "ஊரே சாட்சி சொல்லும். மண்ணு வெட்டறதுக்கு முன்னாடி படையல் போட்டோம். பன்னித் தலை வாங்கினது நானு. செவப்புப் பயறு போட்ட அரிசிப் புட்டு வேகவெச்சு வீடு வீடாக் குடுத்தோம். என் வீட்டுக்காரர் முழங்காலு மண்ணுல படக் கும்பிட்டாரு. ஊராட்சி போட்ட பாதைக்கு நாங்க எதுக்குப் பன்னித் தலை வாங்கணும்?" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. வேகமாக எழுதிக்கொண்டே, "பிரமாதம்மா. பூமிக்கு மொதல் கிண்ணம் யார் ஊத்தினா?" என்று கேட்டாள்.

"பான் பெரியவர்தான். நிலத்துக்காரர் ஊத்தாம எப்படி?"

பேனா நின்றுவிட்டது. நான் இன்னும் பெருமை குறையாமல், அவர் அரிசிக் கள்ளைக் கிண்ணம் நிறைய ஊற்றி, 'இந்த மண்ணு வழி விடணும், இவங்களுக்கு நல்லது நடக்கணும்' என்று சொன்னதையும் சொல்லி முடித்தேன். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அம்மா, பாதைய நீங்க போட்டீங்கன்னு நிரூபிக்கிற அதே படையல், அவர் அனுமதி குடுத்தார்னும் நிரூபிச்சிடும்" என்றாள்.

நிலத்துக்குச் சொந்தக்காரர் கிண்ணம் ஊற்றாமல் மண்ணில் கை வைக்கிறவர்கள் நம் மலைப்பக்கம் யார் இருக்கிறார்கள்? அப்படி வைத்திருந்தால் அன்றைக்கே ஊர் காறித் துப்பியிருக்கும். அப்படி வைக்காததால் இன்றைக்குக் கோர்ட் துப்பப் போகிறது.

படையலைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், சிமெண்டு ஏற்றிவந்த லாரிக்காரரை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்கிறாள். அவர் வேற்றூர், படையலுக்கு வரவில்லை. ஆனால் ஊர்த்தலைவருக்கு வாய் அரிக்கிறது. ஒலிபெருக்கியில் அறிவிக்காத குறைதான். "அந்தப் புட்டு மாதிரி நான் தின்னதே இல்ல, கோர்ட்ல சொல்றேன்" என்கிறார். நான் வாயை மூடச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.

நீ தெரியாது என்றே சொல். பொய் இல்லை என்று வக்கீலம்மாவும் சொன்னாள். ஆனால் இப்போது நான் இதை எழுதியதால் உனக்குத் தெரிந்துவிட்டது. எழுதிய பிறகுதான் அது உறைத்தது. கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். எனக்கு வேறு யாரிடம் புலம்புவது?

பில்சூன்

*

2013, ஆகஸ்ட் 19

அண்ணிக்கு,

ஊர்த்தலைவரிடம் பேசிவிட்டேன். அவர் மச்சானுக்கு என் டிப்போவில் வேலைக்குச் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். புட்டை மறந்துவிட்டார்.

'தெரியாது' என்று நான் சொன்னால் உங்களுக்கு உதவாது. யோசித்துவிட்டேன். தெரியாது என்றால் நீதிபதி, அக்கம்பக்கத்தார் தயவில் விட்டிருப்பார்கள் என்றே எடுத்துக்கொள்வார். கிராமத்தில் அப்படித்தானே நடக்கும். சண்டை வேண்டும். வக்கீலம்மா கேட்ட சண்டை என்னிடம் இருக்கிறது. இதற்குமேல் கேட்காதீர்கள், அவளிடமும் சொல்லாதீர்கள். அவள் நல்ல பெண், இடையில் மாட்டிவிட வேண்டாம்.

யோ என்மேல் திரும்பினால் திரும்பட்டும். வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போனவன் நான். அதற்கு ஈடாக இது.

உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 5 அன்று கோர்ட்டில் நான் என்ன சொன்னாலும் நீங்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. அண்ணன்மேல் ஆணையாகக் கேட்கிறேன்.

இன்சிக்

*

2013, செப்டம்பர் 7

அண்ணி,

ஏன் எழுந்தீர்கள்?

கோர்ட் வாசலில் என்னை ஏதோ சாப்பிடச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அது தப்புத்தான். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் வாய்க்கு வந்தபடி பேசியிருப்பேன்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. "லிபியாவுலருந்து வந்தப்ப அப்பா கொதிச்சுப் போயிருந்தாரு. அந்தப் பய என்னக் கேக்காம என் நிலத்துல சிமெண்டு ஊத்திட்டான், மண்வெட்டிய எடுத்துட்டுத் தொரத்துனேன், அப்பவும் நிறுத்தலன்னாரு" என்று சொன்னேன். நீதிபதி எழுதிக்கொண்டார். யோவின் வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். "உங்க அப்பா பிறகு ஏன் வழக்குப் போடல?" என்று கேட்டார். "கஞ்சன். கோர்ட்டுச் செலவுக்குப் பயந்தாரு. சாகறவரைக்கும் அந்தக் குடும்பத்தச் சபிச்சுக்கிட்டே இருந்தாரு" என்றேன். உங்கள் வக்கீலம்மாவின் கண் விரிந்தது. ஜெயித்துவிட்டோம், அண்ணி. அந்த நிமிடம் நாம் ஜெயித்திருந்தோம்.

பின்வரிசையிலிருந்து நீங்கள், "பொய்" என்றீர்கள்.

நீதிபதி உட்காரச் சொன்னார். நீங்கள் உட்காரவில்லை. "இவன் அப்பா கஞ்சன் இல்ல. யாரையும் சபிக்கல. மொதல் கிண்ணத்த அவரு கையாலதான் ஊத்தினாரு" என்றீர்கள். யோவின் வக்கீலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? "என்ன கிண்ணம்மா?" என்று எவ்வளவு மெதுவாகக் கேட்டார், கவனித்தீர்களா?

என்னைப் பொய் சொன்னவனாக்கியதற்கு வருத்தமில்லை. நீதிபதி நல்லவர். "தகப்பனார் மகனிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்" என்று சொல்லி என்னை விட்டுவிட்டார். ஆனால் உங்களுக்காக நான் என் அப்பாவைத் தூக்கிக் கொடுத்தேன். எனக்கு அது எளிதாக இருந்தது என்றா நினைத்தீர்கள்? கொடுத்ததையும் நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

இன்சிக்

*

2013, செப்டம்பர் 22

தம்பி,

நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

நான் உட்கார்ந்திருக்கத்தான் வந்தேன். வாயில் மிட்டாய்கூடப் போட்டுக்கொண்டேன், பேச்சு வராமல் இருக்க. மண்வெட்டியை எடுத்துத் துரத்தினார் என்று நீ சொன்னபோது பொறுத்துக்கொண்டேன். உன் அப்பா மண்வெட்டியோடு ஓடுவதை நினைத்தால் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது, அவர் நடப்பதே ஆடி அசைந்துதான். கஞ்சன் என்றாய். என் பக்கத்தில் இருந்த கிம் வீட்டம்மா, "அப்படியா? நமக்குத் தெரியாமப் போச்சே" என்று என் காதில் சொன்னாள். அவள் நம்பிவிட்டாள், தம்பி. ஐம்பது வருடம் அவரைப் பார்த்தவள், மகன் சொன்னதும் நம்பிவிட்டாள். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

பனி பெய்த காலைகளில் நாங்கள் எழுவதற்குமுன் அந்தச் சரிவைத் துடைப்பத்தால் பெருக்கி வைத்திருப்பார், உன் அண்ணன் வண்டி வழுக்கக் கூடாது என்று. கடைசி வருடம் இருமலோடும் பெருக்கினார். "உள்ள போங்க" என்று நான் திட்டினால், "என் நிலத்த நான் பெருக்கறேன், உனக்கென்ன?" என்பார். அந்த அறையில் இருந்த எல்லோரும் அவரைச் சபிக்கிற கிழவனாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்றால், அந்தப் பாதையில் நான் எந்த முகத்தோடு வண்டி ஓட்டுவது?

இதையெல்லாம் யோசித்து எழுந்தேன் என்று நினைக்காதே. கால் எழுந்துவிட்டது. பேசி முடித்து உட்கார்ந்த பிறகுதான் தோட்டம் ஞாபகம் வந்தது. நீதிபதி என்னை முன்னால் கூப்பிட்டு, "அவர் அனுமதித்ததால்தான் பாதை போட்டீர்களா?" என்று கேட்டார். வக்கீலம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்ல இன்னொரு வாய்ப்பு கொடுத்தார், "யோசித்துச் சொல்லுங்கள்" என்று. மறுபடியும் ஆமாம் என்றேன்.

உன் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

நீ எனக்காகச் செய்தது சின்னக் காரியம் இல்லை. அது எனக்குத் தெரியும். இனி நீ போனை எடுக்காவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பில்சூன்

*

2013, அக்டோபர் 25

அண்ணி,

வக்கீலம்மா போன் செய்தாள். தீர்ப்பு நமக்கு எதிராக வந்துவிட்டது என்றாள். நட்பின் பேரில் கொடுக்கப்பட்ட அனுமதியால் நடந்த வழி, எத்தனை ஆண்டானாலும் உரிமையாகாது என்று எழுதியிருக்கிறாராம். அப்பாவின் பெயரைச் சொல்லி, 'நல்ல அண்டை வீட்டார்' என்றும் ஒரு வரி இருக்கிறதாம். மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். "அவங்களே ஆமான்னு சொல்லிட்டாங்களே" என்றாள். அழுதாளோ என்று சந்தேகம்.

அந்த ஒரு வரியை அவளை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னேன். நான் என் வாயால் அழித்ததை நீங்கள் எழுதவைத்துவிட்டீர்கள். அதற்கு உங்கள் தோட்டத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். இதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை.

கடைசி ரகம் பழுத்திருக்கும். அதையாவது இறக்கியாகவேண்டும். நவம்பர் நடுவில் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். முதுகில் சுமை கட்டும் மரச்சட்டம் எங்கள் பழைய கொட்டிலில் இருந்தது, இப்போது அதுவும் யோவுடையது. வேறு ஒன்று வாங்கிவருகிறேன். கல்லறை மேட்டு வழியாகவே சுமக்கலாம். எனக்கு இடுப்பு வட்டு விலகியிருக்கிறது, ஆனால் மெதுவாக ஏறினால் முடியும்.

இன்சிக்

*

2013, நவம்பர் 12

தம்பி,

மரச்சட்டம் எதையும் வாங்காதே. வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. இடுப்பு விலகியவனைச் சுமக்கவைத்தேன் என்று உன் மனைவி என்னைத் திட்டவேண்டாம். சும்மா வா, உன் அண்ணனைப் பார்த்துவிட்டுப் போ.

ஆப்பிள் இறங்கிவிட்டது. லாரியிலேயே இறங்கியது. எப்படி என்று சொல்கிறேன்.

தீர்ப்பு வந்த மறுவாரம் யோ முதலாளி வீட்டுக்கு வந்தார். உடம்புக்கு நல்லது என்று ஒரு பெட்டி ஜின்செங் வேர்ப் பானம் கொண்டுவந்திருந்தார். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்து, உன் அண்ணனை நலம் விசாரித்தார். "வழக்கு முடிஞ்சுதும்மா. இனி நமக்குள்ள எதுக்குப் பகை? பழத்த அழுக விடலாமா? தாராளமா என் பாதையில எறக்கிக்குங்க" என்றார். நான் நம்பவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். "ஒரே ஒரு கையெழுத்து" என்றார்.

நிலத்தின் சொந்தக்காரருடைய தயவால் இந்த அறுவடை முடியும்வரை மட்டும் நான் அந்த வழியைப் பயன்படுத்துகிறேன், எனக்கு அதில் எந்த உரிமையும் இல்லை, அடுத்த வருடம் வேண்டுமானால் மறுபடியும் கேட்கவேண்டும் என்று இருந்தது. வக்கீலம்மாவைப் போனில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். "இதுல கையெழுத்துப் போட்டா ஒவ்வொரு வருஷமும் தயவுதாம்மா. இனி இருபது வருஷம் எண்ண ஆரம்பிக்கவே முடியாது" என்றாள். "போடலன்னா?" என்றேன். "போடலன்னா இந்த வருஷப் பழம்" என்று சொல்லி நிறுத்திவிட்டாள்.

குடில் கட்டி முடித்ததும் அடுத்த வருடம் தரமாட்டார். தந்தாலும் அதற்கு அடுத்த வருடம் தரமாட்டார். எனக்குத் தெரியும். இருந்தும் என்ன செய்ய? பழம் மரத்தில் இருக்கிறது, உன் அண்ணன் படுக்கையில் இருக்கிறார். கையெழுத்துப் போட்டேன். பேனா சரியாக எழுதாததால் இரண்டாவது முறையும் போடச் சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார்.

நேற்றுப் பொக்லைன் வந்து ஒரு பாறையை லாரி நுழையும் அளவுக்கு ஒதுக்கியது. வியட்நாம் பெண் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் ஓட்டினேன். இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய சரிவு, நேற்று யாருடைய வீட்டுக்குள்ளோ வண்டியை விடுவதுபோல இருந்தது. பாறைக்குப் பக்கத்தில் யோ நின்றுகொண்டு, "வாங்க வாங்க, இடம் இருக்கு" என்று கைகாட்டினார்.

அவரைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும் என்று மேலேயே முடிவு செய்துவிட்டுத்தான் இறங்கினேன். பக்கத்தில் வந்ததும் கண்ணாடியை இறக்கி, தலையைக் குனிந்து, "ரொம்ப நன்றிங்க" என்றேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை, தம்பி. அதுவாக வந்துவிட்டது.

பில்சூன்